பன்னிரண்டு கம்புகளும் மூன்று மன்னிப்புகளும்

நான் எழுதிய மன்னிப்பு ஒன்றைப் மக்கள் தொடர்பு வேலைக்கு வரும் புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் காட்டுகிறீர்களாம். இணையத்தில் பிழை விட்டால் எப்படி நயமாக மன்னிப்புக் கேட்பது என்பதற்கு அது உதாரணமாம். உங்களில் ஒருத்தி தொலைபேசியில் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். எதைக் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கடைசியானதை என்றாள். அது நான் எழுதிய மூன்றாவது மன்னிப்பு. முதல் இரண்டையும் யாரும் எடுத்து வைக்கவில்லை போலும். வகுப்பில் காட்ட வேண்டியவை அவை இரண்டும்தான். ஆகவே மூன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பாண் வாங்கினால் இன்று சுட்டதுதானா என்று கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமத்திப் பார்ப்பேன். யாராவது அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால் அன்று பின்னேரம் அவர் என்ன கேட்டு வருவார் என்று காத்திருப்பேன். மக்கள் தொடர்பு வேலைக்கு இந்தக் குணம் சரிவராது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். என் கணக்கில் அது நன்றாகவே சரிவந்தது. நான் விட்ட பிழை, ஊரையெல்லாம் சந்தேகித்துவிட்டு என்னை மட்டும் விட்டுவைத்ததுதான்.

போர் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. புத்தளம் பக்கத்து மேற்குக் கரையில், கண்டக்குழிக்குச் சற்று அப்பால், வெளிநாட்டவர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் எனக்கு வேலை. அறைகளை விற்பது என் வேலையல்ல. விடுதியின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, வருகிறவர்களின் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுவது, ஊரோடு சண்டை வராமல் பார்ப்பது, இவைதான் என் பொறுப்பு. அதற்கு முன் பல வருடம் கொழும்பில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். அங்கே 'பிழை திருத்தம்' என்ற சிறிய பெட்டியை எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. எனக்கு மேலே இருந்த பெரியவர் அந்தப் பெட்டியில் 'தவறுதலாக' என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் வெட்டிவிடுவார்.

"என்ன தவறு எண்டு எழுதும் பிள்ளை. தவறுதலா எண்டு எல்லாரும்தான் எழுதுவினம்."

பிழையைத் திரும்பவும் ஒரு தரம் சொல்லாத திருத்தத்தை அவர் அச்சுக்கு விடமாட்டார். எனக்கு அப்போது அது கிழட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது. கண்டக்குழிக்குப் போகும்போது அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக் காற்று, எழும்பிவிட்டால் மேற்குக் கடலில் கரைவலை இழுக்க முடியாது. மீன்பிடிக் குடும்பங்கள் வலையையும் சட்டிபானையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வடக்கே உள்ள கரைகளுக்குப் போய்விடும். காற்று விட்ட பிறகுதான் திரும்பி வரும். அவர்களைக் கிளப்பும் அதே காற்றுத்தான், பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கும் வெளிநாட்டவர்களைக் கூட்டி வருவது. அவர்கள் போக இவர்கள் வருவார்கள். இவர்கள் போக அவர்கள் வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வது குறைவு.

குடும்பங்கள் புறப்படும் முன் வாடியைப் பிரித்துவிடுவார்கள். வாடி என்றால் தொழில் காலத்தில் கரையிலேயே தங்குவதற்குப் போடும் கொட்டில். கூரைக் கிடுகும் தட்டியும் கழன்றுவிடும். நான்கு மூலைக் கம்புகளை மட்டும் பிடுங்கமாட்டார்கள். ஒவ்வொரு கம்பின் தலையிலும் பழைய வலைத் துண்டு ஒன்றை முடிந்துவிட்டுப் போவார்கள். கம்பு நிற்கிறது என்றால் இடத்துக்கு ஆள் உண்டு, வருவார்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்த வேறு சம்மாட்டி எவரும், அதாவது வலையும் தோணியும் வைத்து ஆட்களோடு தொழில் செய்பவர் எவரும், அங்கே வலை இறக்கமாட்டார். காகிதம் இல்லை, வேலி இல்லை, கம்பு மட்டும்தான். அங்கே பரம்பரையாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, விடுதிக்கு வடக்கே மூன்று வாடிகளின் பன்னிரண்டு கம்புகள் கோணல்மாணலாக நின்று படத்தைக் கெடுக்கின்றன என்பது மட்டும். ஒரு வருடமாக அவற்றைக் கடந்து போய்வந்திருக்கிறேன். இவை ஏன் நிற்கின்றன என்று ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. படம் எடுத்தேன். தொலைபேசியில் வேண்டாததை விரலால் தேய்த்து அழிக்கும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. ஒவ்வொரு கம்பாகத் தேய்த்தேன். கம்பு மறைந்த இடத்தில் மணல் தானாக வந்து நிரம்பியது. எனக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. பிறகு மேலே எழுதினேன்: 'காற்றும் மணலும் மட்டும். யாருக்கும் சொந்தமில்லாத கரை.' எழுதி முடித்ததும் என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்னேரம் முதலாளி கொழும்பிலிருந்து பேசினார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மெல்லப் பேசுவார், எப்போதும் சிரித்த முகம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, படம் மிச்சம் நல்லா இருக்கு. க்ளீனா இருக்கு. பெரிய சைஸ்ல எனக்கு மெயில் பண்ணி விடுங்க."

பாணை அமத்திப் பார்க்கிற நான் அன்றைக்கு எதையும் அமத்திப் பார்க்கவில்லை. புகழ்ச்சி எனக்கு வந்ததால் அது நியாயமானதாகத் தெரிந்தது. உடனே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் படத்தின் கீழே ஒரு கருத்து வந்தது. கிழக்குக் கரையில் இருந்த ஒரு பையன் எழுதியிருந்தான். மூன்றே சொல்: 'எங்கட கம்பு எங்க?' கூடவே அதே இடத்தைப் போன வருடம் எடுத்த படம். அதில் பன்னிரண்டு கம்பும் வலைத் துண்டுகளோடு நின்றன. மத்தியானத்துக்குள் அதே கேள்வியை நாற்பது ஐம்பது பேர் எழுதிவிட்டார்கள். ஒருவரும் ஏசவில்லை. எல்லோரும் அதே மூன்று சொல்லைத்தான் எழுதினார்கள். ஏசியிருந்தால் எனக்குப் பதில் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் பயந்துபோய்ப் படத்தை நீக்கிவிட்டு முதலாவது மன்னிப்பைப் போட்டேன்: 'எமது பதிவினால் எவரது மனமாவது புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம்.' உங்களில் பாதிப் பேர் இன்றும் எழுதுவது இதைத்தான். நன்றாக உற்றுப் பாருங்கள். யார் செய்தது, என்ன செய்தது, ஒன்றும் இல்லை. புண்பட்டிருந்தால் என்று எழுதினால், புண்பட்டது அவர்கள் குற்றம் என்றாகிவிடுகிறது. ஊர்க்காரர் இதை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிட, படத்தை நீக்கியதுதான் பெரிய பிழையாகிவிட்டது. 'முதல்ல கம்ப அழிச்ச. இப்ப படத்த அழிச்ச. அடுத்து யார அழிக்கிற?' என்று ஒருவர் எழுதினார். நீக்கிய படத்தை எத்தனையோ பேர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது மன்னிப்பில் பொய் சொன்னேன். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் படத்தில் சில விபரங்கள் விடுபட்டுவிட்டன' என்று எழுதினேன். எழுதும்போதே அந்தப் பத்திரிகைப் பெரியவரின் சிவப்புப் பேனை எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'பன்னிரண்டு கம்பயும் தேடித் தேடி அழிக்கிற கோளாறு எந்தக் கடையில விக்கிது மிஸ்?' எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த கருத்து வேறு மாதிரி. விடுதிக்காரர் உண்மையாகவே கம்புகளைப் பிடுங்கிவிட்டார்கள், படம் அதற்கு முன்னோட்டம் என்று.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கரைக்கு ஓடினேன். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டும் நின்றன. நின்ற நிலையில் படம் எடுத்து உடனே போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. பழைய படம் என்றார்கள். அழிக்கத் தெரிந்தவளுக்கு ஒட்டத் தெரியாதா என்றார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இரண்டு நாளுக்குள் என்னுடைய உண்மைக்கும் பொய்க்கும் ஒரே விலை வந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடம் இருந்த எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த கிழமை சம்மாட்டி வந்தார். மூன்று வாடிகளுக்கும் மூத்தவர் அவர். கிழக்குக் கரையிலிருந்து ஒரு நாள் முழுக்க பஸ் மாறி மாறி, மனைவியோடு வந்திருந்தார். நேரே விடுதிக்கு வரவில்லை. முதலில் கரைக்குப் போய்க் கம்பு கம்பாகத் தொட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நான் முன்கூடத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேரும் கோப்பையைத் தொடவில்லை. சம்மாட்டியின் சட்டைப் பையில் தொலைபேசி நின்றது, அதன் கமெரா என்னைப் பார்த்தபடி. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பதியிறன் மிஸ். மறைக்கிறத்துக்கு ஒண்டும் இல்ல. நீங்களும் வேணுமெண்டா பதிங்க."

"தேவையில்ல நாநா" என்றேன், அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற முறையில். உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லையும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப யாரு அழிக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நானாத்தான் அழிச்சனான்."

"என்னத்துக்கு?"

"படம் வடிவா இருக்கட்டும் எண்டு."

அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "வடிவுக்கு எங்கள அழிக்கோணுமா மிஸ்? அந்த நடுவில நிக்கிற நாலு கம்புக்குள்ளதான் என்ட மூத்த மகளுக்கு நான் தொட்டில் கட்டின."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்கு வந்தது. நிலைமை சீரானதும் அம்மாவோடு காணியைப் பார்க்கப் போனோம். எல்லை வேலிக்கு நட்டிருந்த கதியால் கம்புகளில் ஒன்றுகூட இல்லை. எது எங்கள் வளவு, எது பக்கத்து வளவு என்று தெரியாமல் அம்மா வெயிலில் நின்றார். எங்கள் கதியாலைப் பிடுங்கியவன் யார் என்று நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுப் பிள்ளைதான் பன்னிரண்டு கம்பைச் சிரித்துக்கொண்டே தேய்த்து அழித்தது. அந்த நிமிடத்தில் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சம்மாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்ததுகூட அவருக்கு நடிப்பாகத்தான் பட்டிருக்கும்.

"வடிவுக்கு அழிச்ச எண்டே வைப்பம். அப்ப அந்தப் படம் விதானைட கந்தோருக்கு ஏன் போன?"

"எந்தப் படம்?"

"நீங்க அழிச்ச படம்தான். கரைய இந்த விடுதிக்குக் குத்தகைக்குத் தரச் சொல்லிக் கடிதம் போட்டிரிக்கி. ஆக்கள் பாவிக்காத இடமாம். அதுக்குச் சாட்சி உங்கட படம். ஊராக்களுக்கு ஆட்சேபனை இரிக்கா எண்டு விதானை கேட்டு விட்ட. நாங்க அங்கால இரிக்கிற நேரம் பாத்துத்தான் எல்லாம் நடக்கிது."

விதானை என்றால் கிராம சேவகர், கந்தோர் என்றால் அவருடைய அலுவலகம். அவர் பொய்க் கடிதம் காட்டும் ஆளில்லை. பெரிய சைஸில் மெயில் பண்ணுங்க என்ற மெல்லிய குரல் என் காதுக்குள் திரும்பவும் கேட்டது.

"எனக்குத் தெரியாது நாநா. சத்தியமாத் தெரியாது."

"இரிக்கும்" என்றார். நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எழும்பும்போது இன்னொன்று சொன்னார். "மிஸ், மன்னிப்பு எங்களுக்கு வாணாம். ரெண்டு தரம் கேட்டுட்டீங்க. எத்தின கம்ப அழிச்ச, யாருட கம்பு, அத எழுதுவீங்களா? செல்லுங்க. அத எழுதினா நான் வாசிக்கிறன்."

அன்று பின்னேரமே முதலாளிக்கு அழைத்தேன். கம்புகளைப் பற்றி விபரமாக எழுதி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"கேளுங்க அக்கா. எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. நானே லோயர்ட சொல்லி ஒண்டு எழுதி வச்சிருக்கேன், அனுப்புறேன். கம்புங்கிற சொல் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"அது தேவையில்லாத டீட்டெய்ல்."

"அந்தப் படம் குத்தகை விண்ணப்பத்தில இருக்கோ தம்பி?"

"அது வேற ஆக்கள் பாக்கிற விசயம் அக்கா. இந்த ஊர்ப் பொடியன்களுக்கு நாளைக்கு வேலை குடுக்கப்போறதும் நாங்கதானே. நீங்க அதப் போட்டுக் குழப்பிக்க வேணாம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்ப ஆசையாகவும் இருந்தது, ஏனென்றால் மாதம் முடிய எனக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

அவர் அனுப்பிய மன்னிப்பு வந்து சேர்ந்தது. வாசித்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. 'கடலோடு உறவாடும் எம் சகோதரர்களின் உள்ளங்களில் ஏற்பட்ட காயத்துக்கு' என்று தொடங்கி, தலை வணங்கி, கரம் கூப்பி, இரண்டு பக்கம். என் தமிழைவிட நல்ல தமிழ். இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். ஒரு கம்புகூட அதில் இல்லை. நான் படத்தில் செய்ததை அவர் கடிதத்தில் செய்திருந்தார். நயமான மன்னிப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருவது அன்றிலிருந்துதான். உங்கள் கைக்கு அப்படி ஒன்று வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு பாருங்கள். எந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று முதலில் தேடுங்கள்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பக்கத்தின் கடவுச்சொல் என் கையில்தான் இருந்தது. எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டால் மூன்று குடும்பங்களின் கரை போகலாம், அதுவும் நான் எடுத்த படத்தைச் சாட்சியாக வைத்து. அப்படிச் சொன்னால் முடிவு சுலபம் போலத் தெரியும். ஆனால் என் பேரைக் கழுவிக்கொள்ளத்தான் இதைச் செய்கிறேனோ, துணிந்தவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகவோ என்று என்னையும் கேட்டுக்கொண்டேன். பதில் சரியாகக் கிடைக்கவில்லை. கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும். என்ன காரணத்துக்காக என்றாலும் கம்பு கம்புதான் என்று எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வகுப்பில் காட்டுவது இதைத்தான்:

'இந்தப் பக்கத்தில் நான் போட்ட கடற்கரைப் படத்தில் பன்னிரண்டு கம்புகள் இல்லை. கரையில் அவை இருக்கின்றன. படத்திலிருந்து அவற்றை அழித்தது நான். கோளாறு எதுவும் நடக்கவில்லை. அப்படி எழுதியது பொய். அவை மூன்று மீன்பிடிக் குடும்பங்களின் வாடிக் கம்புகள். காற்றுக் காலத்தில் அவர்கள் கிழக்குக் கரைக்குப் போகிறார்கள். காற்று விட்டதும் வந்து இங்கே வலை இழுக்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத கரை என்று நான் எழுதியதும் பொய். அந்தப் படத்தை எவராவது எங்காவது ஆதாரமாகக் காட்டினால் அது அழித்துத் திருத்திய படம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தருவதும் தராததும் அவர்கள் விருப்பம்.'

கீழே என் முழுப் பெயர். பக்கத்தில் இரண்டு படங்கள், கம்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று. முந்தல் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்த சிநேகிதி ஒருத்தி சிங்களத்தில் எழுதித் தந்தாள். ஆங்கிலத்தில் நானே எழுதினேன். மூன்றையும் காலை பத்து மணிக்குப் போட்டேன். கந்தோர்கள் திறந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போட்டேன். அச்செடுத்துக் கையெழுத்து வைத்து ஒரு பிரதியை விதானையிடம் கொடுத்து, வாங்கியதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இன்னொன்றைக் கிழக்குக் கரைக்கு இன்னும் புறப்படாதிருந்த சம்மாட்டியிடம் கொடுத்தேன். பிறகு முதலாளிக்கு அழைத்து, இன்னின்னது செய்திருக்கிறேன், கடவுச்சொல் இதுதான், நாளையிலிருந்து நான் வரவில்லை என்றேன்.

"அக்கா, நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கவே இல்லை" என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அது எதற்கான வருத்தம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒரு மணித்தியாலத்துக்குள் பதிவு பக்கத்திலிருந்து காணாமல் போயிற்று. இந்த முறை அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கிழக்குக் கரையில் இருந்த பொடியன்கள் பழகிவிட்டார்கள். பத்து மணிக்குப் போட்டதைப் பத்தேகாலுக்கே படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள். பிறகு கேள்விப்பட்டது, குத்தகை விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று. என் கடிதத்தால் என்று சிலர் சொன்னார்கள். மேலிடத்தில் யாருக்கோ யாரோடோ கோபம், அதனால்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மை போலத் தெரிகிறது. கிடப்பில் கிடக்கிற காகிதம் ஒருநாள் எழும்பி வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். அது சம்மாட்டிக்கும் தெரியும்.

காற்று விட்டுக் குடும்பங்கள் திரும்பி வந்ததும் ஒரு நாள் காலை அங்கே போனேன். பன்னிரண்டு கம்பிலும் புதுக் கிடுகு ஏறியிருந்தது. வலை இழுத்து முடித்து ஆட்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. சம்மாட்டியின் வாடிக்குள் ஒரு மூலைக் கம்பில், பொலித்தீன் உறைக்குள் என் மன்னிப்புத் தொங்கியது. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாநா, அப்ப என்னை மன்னிச்சிட்டீங்களோ?"

அவர் வலையிலிருந்து நண்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"அதப் பத்தி நாங்க இன்னம் கதைக்கல்ல மிஸ். இந்தக் கரைக்கு எங்கள்ட உறுதியும் இல்ல, பத்திரமும் இல்ல. என்ட வாப்பாக்கும் இல்ல, அவருட வாப்பாக்கும் இல்ல. நாங்க இங்க இரிக்கிற எண்டு எழுத்தில இரிக்கிறது உங்கட இந்தக் கடிதம் ஒண்டுதான்."

ஒரு பெரிய படிப்பாளியும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. மன்னிப்பு என்பது கேட்பவரின் மனப் பாரம் இறங்குவதற்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது கையில் வைத்திருக்கிற ஒரு பொருளாக இருந்தது. உங்கள் மன்னிப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த மனிதர் ஒரு கந்தோரில் காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுப் புத்தளத்தில் இருக்கிறேன். போன வருடம் காற்று விட்ட பிறகு சம்மாட்டியின் மனைவி அழைத்தார். மிஸ் ஒருக்கா வந்துட்டுப் போங்க என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தரம். என்ன பிரச்சினையோ என்று யோசித்துக்கொண்டே போனேன். சம்மாட்டி கம்பிலிருந்து உறையைக் கழற்றிக் காகிதத்தை வெளியே எடுத்து வைத்திருந்தார். உப்புக் காற்றில் அச்செழுத்து அப்படியே நின்றது, என் கையெழுத்து மட்டும் மங்கிப் போயிருந்தது.

"கையெழுத்து இல்லாட்டி இது சும்மா பேப்பர்தானே மிஸ். அதே இடத்தில இன்னொருக்காப் போடுங்க."

மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் காகிதத்தை வைத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை தேத்தண்ணி அவர்கள் தந்தார்கள், நான் குடித்தேன். சம்மாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் விரல் வைத்து மெல்ல வாசித்தார். நான் கையெழுத்துப் போடுகிற சாட்டில் எதையாவது அழித்துவிட்டேனோ என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் நான் அசையாமல் காத்திருந்தேன்.